வாவியும் விசுவாசமும்: கிறிஸ்தவ சபைகளின் சூழற்கரிசனை குறித்த ஒரு விமர்சன நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே, கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் நடுவிலே, ஒடுங்கி நீண்ட மணல்நிலத்தில் அமைந்துள்ளது நாவற்குடா. நாவல் மரத்தையும் நீர் உட்புகுந்த கரையையும் ஒருங்கே சுட்டும் அவ்வூர்ப் பெயர், தம் வாழிடத்தை மரத்தாலும் நீராலும் இனங்கண்ட ஒரு மக்கட் கூட்டத்தின் நினைவைத் தாங்கி நிற்கின்றது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவி எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரிக்கும் எல்லையாக மட்டும் இருந்ததில்லை. கரையோர மீன்பிடிக்கும் உள்நாட்டு நெற்செய்கைக்கும் இடையிலான பண்டமாற்றும் போக்குவரத்தும் உறவும் இதன் வழியாகவே நடைபெற்றன. ஆகவே இப்பிரதேசத்திலே 'சூழல்' என்று நாம் கூறும்போது, அது மனித உழைப்புக்குப் புறம்பான இயற்கைக் காட்சியொன்றைக் குறிப்பதன்று என்பதை முதற்கண் மனங்கொள்ளுதல் வேண்டும்.

அண்மைக் காலத்திலே கிறிஸ்தவ சபைகள் சூழற் பாதுகாப்பை ஒரு விசுவாசச் செயலாக முன்வைத்து வருகின்றன. மரநடுகை, கடற்கரைத் துப்புரவு, பொலித்தீன் ஒழிப்பு, படைப்பின் காலத்துக்குரிய சிறப்பு வழிபாடுகள் என்பன உலகின் பல பாகங்களிலும் வழக்குக்கு வந்துள்ளன. இம்முயற்சிகளை முற்போக்காளர் சிலர் புன்முறுவலோடு ஒதுக்கிவிடுவர். பக்தர் பலர் கேள்வியின்றி வரவேற்பர். இவ்விரு நிலைப்பாடுகளும் ஆய்வுக்கு உதவுவன அல்ல. சூழற்கரிசனை எந்நிலையில் விசுவாசத்தின் செயலாகின்றது, எந்நிலையில் அதன் அலங்காரமாகின்றது என்பதே இங்கு எழுப்பப்படவேண்டிய வினாவாகும். மட்டக்களப்பு வாவிக்கரையை நிலைக்களனாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். 'சபை' என்னும் சொல்லைக் கத்தோலிக்கப் பங்குகளையும் சீர்திருத்தத் திருச்சபைகளையும் உள்ளடக்கும் பொதுச்சொல்லாக நாம் இங்கு கையாளுகின்றோம்.

1. செவிமடுத்தலின் வரலாறு

மட்டக்களப்பிற் கிறிஸ்தவ நிறுவனங்களின் வரலாறு நீண்டது. மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ற் 1814 இல் இங்கு வந்து கல்விப் பணியைத் தொடங்கி, அடுத்த ஆண்டிலேயே மறைந்தார். 1893 இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது. 1895 இல் பிரெஞ்சு யேசு சபையினர் அதன் பொறுப்பை ஏற்றனர். பிற்காலத்தில் அமெரிக்க யேசு சபையினர் அவர்களைத் தொடர்ந்து பணியாற்றினர். 2012 இல் மட்டக்களப்புத் தனி மறைமாவட்டமாயிற்று. இந்த இரு நூற்றாண்டுக் காலத்திலே பள்ளிக்கூடங்களும் மருத்துவ நிலையங்களும் தொழிற்பயிற்சிக் கூடங்களும் எழுந்தன. கல்வியிலும் சமூக மேனிலையாக்கத்திலும் இவற்றின் பங்கு மறுக்கற்பாலதன்று.

ஆயினும் இந்நிறுவனங்கள் தம் வாசலிற் கிடந்த வாவியை எவ்வாறு நோக்கின என்பது வேறு வினா. ஆங்கிலேய குடியேற்ற ஆட்சியின் அதிகாரியான எமர்சன் ரெனன்ற், 1859 இல் வெளியான இலங்கை பற்றிய தமது நூலிலே மட்டக்களப்பு வாவியின் 'பாடும் மீன்' ஒலியைப் பற்றி எழுதினார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அமெரிக்க யேசு சபைத் துறவியான லாங்க் அடிகளார் அவ்வொலியைப் பதிவு செய்வதில் ஈடுபட்டார். யேசு சபையினரின் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்றவரான சுவாமி விபுலாநந்தர் அதே ஒலியை நீரரமகளிரின் இசையாகத் தம் கவிதையிற் புனைந்தார். நிலவொளியிலே தோணியில் அமர்ந்து, துடுப்பின் ஒரு முனையை நீரில் இட்டு மறுமுனையிற் காதை வைத்துக் கேட்கும் வழக்கம் இப்பிரதேசத்து மீனவரிடையே நெடுங்காலமாக இருந்து வந்தது.

இங்கு ஒரு நுண்ணிய வேறுபாட்டை நாம் அவதானிக்கலாம். குடியேற்ற அதிகாரிக்கு அவ்வொலி ஒரு விந்தை. துறவிக்கு அறிவியல் ஆர்வத்துக்குரிய பொருள். கவிஞருக்கு அழகின் ஊற்று. மீனவனுக்கோ அது தன் தொழிற்களத்தின் ஓசைகளுள் ஒன்று. வாவியைச் செவிமடுத்தவர் பலர். வாவியினால் வாழ்ந்தவரின் குரலை அவ்வளவு கவனத்தோடு செவிமடுத்தவர் மிகச் சிலரே. அன்றைய அறிவுச் சூழலிலே இது வியப்புக்குரியதன்று. இயற்கை கடவுளின் கைவண்ணத்தைக் காட்டும் சான்றாகப் போற்றப்பட்டதேயன்றி, அதனைப் பேணுதல் சபையின் கடமையாக எண்ணப்படவில்லை.

யுத்தகாலம் இக்கடமையுணர்வு தோன்றுவதற்கு மேலுமொரு தடையாயிற்று. 1988 ஜூன் மாதத்திலே சந்திரா பெர்னாண்டோ அடிகளார் மட்டக்களப்பிற் சுட்டுக்கொல்லப்பட்டார். 1990 ஓகஸ்ட் மாதத்திலே யேசு சபைத் துறவியான இயூஜின் ஹீபேர்ட் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியிற் காணாமற்போனார். மனிதரைத் தேடுவதே சபையின் முதற்பணியாயிருந்த அக்காலத்திலே, பாதுகாப்புக் காரணங்களுக்காகக் கரையோரங்களில் வெட்டி அகற்றப்பட்ட கண்டல் மரங்களைப் பற்றி எவர் கவலை கொண்டிருக்க முடியும்? எனவே, சூழற்கரிசனை தாமதமாகவே வந்தது என்று சபைகளைக் குறைகூறுவது நீதியன்று. வந்தபின் அது எத்தன்மையதாய் உள்ளது என்பதே எமது ஆய்வுக்குரியது.

2. கோட்பாட்டின் வளர்ச்சியும் ஒரு சொல்லின் சிக்கலும்

வரலாற்றறிஞரான லின் வைற் 1967 இல் எழுதிய கட்டுரையொன்று இவ்விவாதத்தின் தோற்றுவாயாகக் கருதப்படுவதுண்டு. மேலைநாட்டுக் கிறிஸ்தவம் மனிதனை இயற்கையினின்றும் பிரித்து அதன் தலைவனாக்கியமையே சூழல் நெருக்கடியின் வேர்களுள் ஒன்று என்பது அவர் கருத்து. அதே கட்டுரையில் அசிசியின் புனித பிரான்சிஸை மாற்று மரபின் குறியீடாக அவர் முன்மொழிந்தார். 1979 இலே பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அப்புனிதரைச் சூழலியலாளரின் பாதுகாவலராக அறிவித்தமை, அக்குற்றச்சாட்டு உறைத்தது என்பதற்கான சான்றாகக் கொள்ளத்தக்கது. 1983 இல் வன்கூவரிற் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றம் நீதி, சமாதானம், படைப்பின் ஒருமைப்பாடு ஆகிய மூன்றையும் ஒரே நோக்கில் இணைத்தது. 1989 இலே கொன்ஸ்தாந்திநோப்பிளின் ஓர்தொடொக்ஸ் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ் செப்டெம்பர் 1 ஆம் திகதியைப் படைப்புக்கான செப நாளாக்கினார். 2015 இல் வெளியான பாப்பரசர் பிரான்சிஸின் 'லவுதாத்தோ சி' சுற்றுமடல், பூமியின் ஓலமும் ஏழைகளின் ஓலமும் ஒருங்கே கேட்கப்படவேண்டியவை என்பதை வலியுறுத்திற்று. இது பிரேசில் நாட்டு விடுதலை இறையியலாளரான லெயொனார்டோ பொஃப் 1995 இல் எழுதிய நூலின் மையக்கருத்தோடு நெருங்கியது என்பதை முற்போக்கு வாசகர் எளிதில் இனங்காண்பர்.

இவ்வளர்ச்சியின் அடித்தளத்திலே விவிலிய வாசிப்பு ஒன்று உண்டு. தொடக்க நூலின் முதல் அதிகாரத்தில் மனிதனுக்குத் தரப்படும் ஆணையில் அடக்குதலையும் ஆளுதலையும் குறிக்கும் எபிரேய வினைகள் வருகின்றன. இரண்டாம் அதிகாரத்திலோ தோட்டத்தில் வைக்கப்பட்ட மனிதனின் பணியாக உழைத்தலையும் காத்தலையும் குறிக்கும் வினைகள் இடம்பெறுகின்றன. பின்னையதை முதன்மைப்படுத்தியே இன்றைய சூழலிறையியல் 'பொறுப்பாளர்' என்னும் கருத்துருவைக் கட்டியெழுப்புகின்றது. பூமி கடவுளுக்குரியது, மனிதன் அதன் உரிமையாளன் அல்லன், கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்ட நிர்வாகியே என்பது இதன் சாரம்.

இக்கருத்துரு தமிழுக்கு வரும்போது எவ்வாறு ஒலிக்கின்றது என்பது எமது கவனத்துக்குரியது. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு ஈழத்தவருக்கு அந்நியமான வரலாறன்று. பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புப் பணியிலே ஆறுமுக நாவலர் துணைநின்றமை பலரும் அறிந்ததே. பழைய சீர்திருத்தத் திருச்சபை மொழிபெயர்ப்பு, நிர்வாகியைக் குறிக்க 'உக்கிராணக்காரன்' என்னும் சொல்லைக் கையாண்டது. உக்கிராணம் என்பது களஞ்சியம். பெருந்தனக்காரன் ஒருவனின் களஞ்சியத்துக்குப் பொறுப்பானவனே உக்கிராணக்காரன். 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு போன்ற பிற்கால முயற்சிகள் எளிய சொற்களை நாடின. ஆயினும் பழஞ்சொல் தன்னுள் பொதிந்து வைத்திருந்த சமூக உறவு மறைந்துவிடவில்லை.

மட்டக்களப்பு நெற்செய்கை முறையை அறிந்தோர்க்கு இவ்வுறவு மிகப் பரிச்சயமானது. இங்கு நிலவுடைமையாளன் போடியார். அவருக்காக வயலை மேற்பார்வை செய்து, வேலையாட்களை ஏவி, விளைச்சலுக்குக் கணக்குச் சொல்பவன் முல்லைக்காரன். வயலில் இறங்கிச் சேற்றில் உழைப்பவர்கள் இவ்விருவருக்கும் கீழேயுள்ளோர். கடவுள் உரிமையாளர், மனிதன் பொறுப்பாளன் என்னும் இறையியல் உருவகம் படுவான்கரை விவசாயியின் செவியிலே விழும்போது, கடவுள் போடியாராகவும் மனிதன் முல்லைக்காரனாகவும் தோற்றமளிப்பது தவிர்க்கவியலாதது. அவ்வாறாயின் ஒரு வினா எழுகின்றது. இவ்வுருவகத்திலே வயலில் உழைப்பவன் எங்கே? 'மனிதன்' என்ற ஒருமைச் சொல் இங்கே பெரியதொரு மறைப்பாகின்றது. வாவியை மண்ணிட்டு நிரப்பி மனைப்பகுதியாக்குபவனும் மனிதன். அந்நிரப்பலினால் வலைவீசும் இடத்தை இழப்பவனும் மனிதன். இருவரையும் ஒரே 'பொறுப்பாளன்' என அழைத்து, இருவரிடமும் ஒரே வகையான மனந்திரும்புதலைக் கோரும் போதனை, உண்மையில் நிரப்புபவனின் பொறுப்பை இழப்பவனின் தோளிலும் ஏற்றிவிடுகின்றது.

இவ்விமர்சனம் விவிலியத்துக்கு வெளியேயிருந்து கொணரப்பட்டதன்று. நிலம் என்றென்றைக்குமாக விற்கப்படலாகாது, ஏழாம் ஆண்டில் அது ஓய்வுகொள்ள வேண்டும், ஐம்பதாம் ஆண்டில் இழந்தோர்க்கு அது மீள வேண்டும் என லேவியர் நூலின் இருபத்தைந்தாம் அதிகாரம் வகுக்கும் ஒழுங்கிலே மண்ணின் ஓய்வும் ஏழையின் மீட்சியும் ஒரே சட்டத்தினுள் அடங்குகின்றன. அச்சட்டம் நடைமுறையில் எந்த அளவு பின்பற்றப்பட்டது என்பது வேறு விடயம். ஆனால் நிலவுடைமையைப் பேசாமல் நிலத்தின் நலத்தைப் பேச அம்மரபு முயலவில்லை என்பது தெளிவு. சபைகளின் இன்றைய சூழற் போதனையை மதிப்பிடுவதற்கு இதுவே அவர்களது சொந்த மரபு தரும் அளவுகோலாகும்.

3. கரையோரச் சான்றுகள்

கோட்பாட்டை மட்டும் நோக்கிச் சபைகளை மதிப்பிடுதல் குறைபாடுடையது. தமிழ்பேசும் கரையோரங்களிலும் அவற்றை அண்டிய பிரதேசங்களிலும் நிகழ்ந்த சில போராட்டங்களை இங்கு நோக்குதல் பொருந்தும்.

தென்னிந்தியாவிலே எந்திர இழுவைப்படகுகளின் பெருக்கம் பாரம்பரிய மீனவரின் வாழ்வாதாரத்தைத் தாக்கியபோது, கேரளத்தின் கத்தோலிக்கக் குருமாரும் துறவியரும் சிலர் மீனவர் சங்கங்களோடு இணைந்தனர். அவர்களுள் தோமஸ் கோச்சேரி அடிகளார் குறிப்பிடத்தக்கவர். 1989 ஏப்ரலில் தேசிய மீன்தொழிலாளர் பேரவை இந்தியாவின் இரு கரைகளிலிருந்தும் கன்னியாகுமரி நோக்கி நடத்திய நெடும்பயணம், நீரைக் காத்தலே உயிரைக் காத்தல் என்னும் கருத்தை முன்னிறுத்தியது. மே 1 ஆம் திகதி கன்னியாகுமரியில் நடைபெற்ற நிறைவுக் கூட்டம் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டினாற் குலைந்தது. இங்கு சூழல் என்பதும் தொழிலாளர் உரிமை என்பதும் இரண்டாக நிற்கவில்லை. மீன்வளம் அழிவதும் மீனவன் வறியவனாவதும் ஒரே உற்பத்தி முறையின் விளைவுகள் என்பதை அவ்வியக்கம் உணர்ந்திருந்தது.

இரண்டாவது சான்று இடிந்தகரை. 2011 மார்ச்சில் யப்பானின் புகுஷிமாவில் நிகழ்ந்த அணுவுலை விபத்தின் பின்னர், அவ்வாண்டின் பிற்பகுதியிலே கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரான போராட்டம் தீவிரமடைந்தது. இடிந்தகரை லூர்து மாதா ஆலய முன்றல் அப்போராட்டத்தின் களமாயிற்று. ஆலய மணி கூட்டத்தை அழைத்தது. ஆலயப் பந்தல் உண்ணாவிரதிகளுக்கு நிழல் தந்தது. பீடிசுற்றும் பெண்கள் சுற்றியபடியே அங்கு அமர்ந்திருந்தனர். ஆனால் போராட்டத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான சுப. உதயகுமார் கிறிஸ்தவர் அல்லர். அயற்கிராமங்களின் இந்து மக்களும் அதிற் பங்குகொண்டனர். 2012 செப்டெம்பர் 10 ஆம் திகதி கடற்கரையிற் கூடியிருந்தோர் மீது பொலிசார் நடவடிக்கை எடுத்தனர். அதே நாளில் மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச் சூட்டிற் கொல்லப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள் தொடுக்கப்பட்டன. இது கிறிஸ்தவரின், வெளிநாட்டு நிதியின் சூழ்ச்சி என்ற பிரசாரமும் எழுந்தது. அணுவுலை இயங்கத் தொடங்கியதை அப்போராட்டத்தால் தடுக்க இயலவில்லை. எனினும், சபையொன்று தன் முன்றலைத் தனக்கென வைத்திராது பொதுமக்களின் அரசியல் வெளியாக மாற்றிய நிகழ்வு என்ற வகையில் அது கவனிப்புக்குரியது.

இலங்கையிலும் இத்தகைய சான்றுகள் இல்லாமலில்லை. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த மைக்கல் றொட்றிகோ அடிகளார் 1980 இல் புத்தல பகுதியின் பௌத்த கிராமமொன்றிற் குடியேறி, மதமாற்ற நோக்கமின்றி, கரும்புப் பெருந்தோட்ட முறையினால் நிலமும் காடும் இழந்த விவசாயிகளின் பக்கம் நின்றார். 1987 நவம்பர் 10 ஆம் திகதி திருப்பலியின்போது அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். 2021 இல் முத்துராஜவெல ஈரநிலத்தைக் காக்கும்பொருட்டுக் கொழும்பு பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் நீதிமன்றத்தை நாடினார். 2025 இல் மன்னார்த் தீவிலே காற்றாலை விரிவாக்கத்துக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மக்கள் எழுந்தபோது கத்தோலிக்கக் குருமார் முன்வரிசையில் நின்றனர். மன்னார்ப் போராட்டம் ஒரு புதிய சிக்கலையும் வெளிப்படுத்திற்று. காற்றுமின்சாரம் பொதுவாகச் சூழலுக்கு உகந்ததென்று கொள்ளப்படுவது. அதுவே உள்ளூர் மக்களின் ஒப்புதலின்றி, தாழ்ந்த தீவொன்றின் நீரோட்டத்தையும் கரையோரத் தொழிலையும் பாதிக்குமாறு அமைக்கப்படும்போது, யாருடைய சூழல், யாருடைய நன்மை என்னும் வினாக்கள் எழுகின்றன.

இச்சான்றுகள் அனைத்திலும் ஒரு பொதுப்பண்பு உண்டு. சபைகள் எங்கெல்லாம் ஒரு குறித்த மக்கட் பிரிவின் வாழ்வாதார நெருக்கடியோடு தம்மைப் பிணைத்துக்கொண்டனவோ அங்கெல்லாம் அவற்றின் சூழற்கரிசனை செயலாற்றலுடையதாயிற்று. அதற்கான விலையையும் அவை செலுத்தின. மரக்கன்று நடுவதற்காக எவரும் தேசத்துரோக வழக்கைச் சந்தித்ததில்லை.

4. மீண்டும் வாவிக்கரை

இவ்வளவுகோலோடு நாவற்குடாப் பிரதேசத்துக்கு மீள்வோம். 1978 நவம்பர் 23 ஆம் திகதிய சூறாவளி இக்கரையின் தென்னைகளைச் சாய்த்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய கடற்கோள் நாவலடி, டச்பார், கல்லடி ஆகிய கரையோரக் குடியிருப்புகளை அழித்தது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மெல்லிய நிலத்திலே வாழ்வதன் பொருளை இம்மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

கடற்கோளின் பின்னர் நிகழ்ந்தது எமது ஆய்வுக்கு மிக முக்கியமானது. கரையிலிருந்து வடக்குக் கிழக்கில் 200 மீற்றர், ஏனைய பகுதிகளில் 100 மீற்றர் தூரத்துள் வீடுகட்டலாகாதென்ற விதி கொண்டுவரப்பட்டது. பாதுகாப்பையும் கரையோரச் சூழலையும் பேணுதலே அதற்குக் கூறப்பட்ட நியாயம். ஆனால் உல்லாசப் பயண விடுதிகளுக்கு அவ்விதி அதே இறுக்கத்தோடு பொருந்தவில்லை. பின்னர் விதி தளர்த்தப்பட்டதெனினும், அதற்குள் பல மீனவக் குடும்பங்கள் கடலையும் வாவியையும் விட்டுத் தொலைவிற் குடியமர்த்தப்பட்டிருந்தன. யுத்தம் முடிந்தபின் பாசிக்குடாவில் விடுதிகள் வரிசையாக எழுந்தபோது மீனவரின் தோணித்துறைகள் ஒடுங்கின. 'சூழல்' என்னும் சொல் ஏழையைக் கரையிலிருந்து அகற்றுவதற்கும் பயன்படக்கூடியது என்பதை இவ்வனுபவம் காட்டுகின்றது. இதனைக் கருத்திற்கொள்ளாத சூழலிறையியல், தன்னை அறியாமலே அவ்வகற்றலுக்கு ஆசீர்வாதம் வழங்கிவிடும்.

வாவியின் இன்றைய நிலையும் நோக்கத்தக்கது. படுவான்கரை வயல்களிலிருந்து வழியும் பசளையும் கிருமிநாசினியும், நகரக் கழிவுநீரும், கரையிற் கொட்டப்படும் குப்பையும் அதனுட் சேருகின்றன. கண்டல் அழிந்த இடங்களில் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் ஒதுங்கி வளர்வதற்கான வேர்நிழல் இல்லாது போகின்றது. கரை நிரப்பப்படுதலும் தடைசெய்யப்பட்ட சிறுகண் வலைகளின் பாவனையும் எஞ்சியதைக் குறைக்கின்றன. இங்கு எளிதிற் சுட்டக்கூடிய ஒரே எதிரி இல்லை என்பதைக் கூர்ந்து நோக்கவேண்டும். இடிந்தகரையில் அணுவுலை கண்முன்னே நின்றது. மட்டக்களப்பிலோ சபையின் விசுவாசிகளுள்ளேயே வயற்சொந்தக்காரர், மனைவிற்போர், மீனவர், கூலிக்காரர் எனப் பலர் உளர். ஞாயிறு வழிபாட்டிலே ஒரே வாங்கிலில் அமர்ந்திருப்போரின் நலன்கள் வாவிக்கரையிலே மோதுகின்றன. சபைகள் பொதுவான மரநடுகையோடு அமைவதற்குரிய உண்மைக் காரணம் இங்கேயே உள்ளதென நாம் கருதுகின்றோம். மரநடுகை எவரையும் புண்படுத்தாது. மண்ணிட்டு நிரப்பாதே என்ற போதனையோ காணிக்கைத் தட்டிலே எதிரொலிக்கும்.

இதனினும் ஆழமான சிக்கலொன்று உண்டு. மட்டக்களப்பு மாவட்டத்திலே கிறிஸ்தவர் சிறுபான்மையினர், இந்துக்கள் பெரும்பான்மையினர், முஸ்லிம்கள் கணிசமான தொகையினர். நாவற்குடாவின் தெற்கே சிறிது தூரத்தில் உள்ளது காத்தான்குடி. 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி அங்குள்ள பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்றோர் படுகொலை செய்யப்பட்டனர். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்துச் சிறுவர்கள் உட்படப் பலர் மாண்டனர். அத்தாக்குதல்களின் தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன் என்பதனால் அங்குள்ள சாதாரண மக்கள் அனைவர் மீதும் ஐயம் படிந்தது. இரு புறத்திலும் ஆறாத புண்கள் உள்ள இக்கரையில், வாவியோ இரு புறத்தாருக்கும் ஒன்றே. ஒரு கரையிற் கொட்டிய கழிவு மறுகரை வலையில் ஏறுகின்றது.

இந்நிலையிலே கிறிஸ்தவ சபையொன்று வாவியைத் தனியே பேணுதல் நடைமுறைக்கு ஒவ்வாதது. காத்தான்குடி மீனவரோடும் கல்லடி மீனவரோடும் ஒருங்கே அமர்ந்து கரையின் எல்லைகளையும் வலைகளின் அளவையும் கழிவின் வழிகளையும் பேசாமல் வாவியைக் காத்தல் இயலாது. அவ்வாறு பேசுவதற்கு முன்னர் ஒருவரை ஒருவர் அஞ்சாமல் ஒரே அறையில் இருத்தல் வேண்டும். 2019 இன் பின்னர் ஒரு கிறிஸ்தவ சபைக்கு இது எளிய கோரிக்கையன்று. தன் பிள்ளைகளைப் புதைத்த சமூகத்திடம் அயலானோடு சேர்ந்து கண்டல் நடும்படி வெளியிலிருந்து போதிப்பது எளிது. அந்த எளிமையை நாம் உரிமையாக்கிக்கொள்ள விரும்பவில்லை. எனினும், விசுவாசச் செயல் என்பது செலவு இல்லாத நற்செயலினின்றும் வேறுபட்டதாயின், அவ்வேறுபாடு வெளிப்படக்கூடிய இடம் இதுவே என்பதை மட்டும் கூறுதல் எம் கடமை.

இதற்கான வளங்கள் சபையிடம் இல்லாமலில்லை. பாடசாலைகளும் மண்டபங்களும் காணிகளும் அதனிடம் உள. தன் சொந்தக் காணியில் வாவிக்கரை எல்லையை எவ்வாறு பேணுகின்றதென்பதே அதன் முதற் சாட்சியமாக அமையும். எழுவான்கரை மக்கள் ஆண்டுதோறும் ஆயித்தியமலைத் திருத்தலத்துக்கு நடைபயணமாகச் செல்லும் வழக்கம், வாவியையும் வயலையும் காட்டோரத்தையும் ஒரே பாதையிற் காணும் வாய்ப்பை அளிக்கின்றது. அப்பாதையின் நிலவுடைமையையும் நீரின் போக்கையும் வாசிக்கக் கற்பிக்கும் தலைமை அமையுமாயின், அது பல மரநடுகை விழாக்களினும் பயன் மிக்கதாகும்.

5. முடிவுரை

மதஞ்சார்ந்த சூழற்கரிசனை கருத்துநிலைத் திரையே என்று முழுமையாக ஒதுக்குவோர் இடிந்தகரையையும் புத்தலவையும் விளக்க இயலாது. அது தன்னளவிலேயே விடுதலைச் செயலென்று போற்றுவோர், கரையிலிருந்து அகற்றப்பட்ட மீனவனுக்கு மறுமொழி கூற இயலாது. எமது நோக்கில், சபையின் சூழற் பணி மூன்று வினாக்களாற் சோதிக்கப்படவேண்டும்: கரை யாருக்குரியது என்பதை அது பேசுகின்றதா? தன் விசுவாசிகளுள் வலியவரை நோக்கியும் அது பேசுகின்றதா? அயற் சமயத்தாரோடு இணைந்தே அது செயற்படுகின்றதா? மட்டக்களப்பிலே இம்மூன்றும் பிரிக்கவியலாதவை.

வாவியின் பாடலை ஒலிப்பதிவு செய்த துறவியின் ஆர்வம் மதிக்கத்தக்கது. அவர் செவிமடுத்த நீரிலே அன்றும் இன்றும் வலைவீசி வாழ்வோர், கிறிஸ்தவரும் இந்துவும் முஸ்லிமுமாக, கரையில் நின்று பேசிக்கொண்டேயிருக்கின்றனர். சபைகள் அடுத்துச் செவிமடுக்க வேண்டியது அவர்களையே.